தேன் பெட்டி கடைசிப் படி: குழந்தைகள் தேனீக்களை நேரில் கற்பது பற்றி ஒரு விளக்கம்

பள்ளித் தோட்டத்தில் தேன் பெட்டி வைக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் பெற்றோர் பெரும்பாலும் இரண்டு பக்கமாகப் பிரிந்துவிடுகிறார்கள். "இத்தனை ஆயிரம் தேனீக்களுக்குப் பக்கத்தில் பிள்ளைகளை விடலாமா?" என்று ஒரு பக்கம். "தேனீக்களே அழிந்துகொண்டிருக்கின்றன, நாமாவது ஒரு பெட்டி வைத்துக் காப்பாற்ற வேண்டாமா?" என்று இன்னொரு பக்கம். பயம், ஆர்வம் இரண்டுக்குமே காரணம் இருக்கிறது. ஆனால் குழந்தை அங்கே போய் என்ன செய்யப்போகிறது என்பதை இரண்டு பக்கத்தாரும் கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

பெரியவர் பெட்டியைத் திறக்க, பத்தடி தள்ளி நின்று குழந்தைகள் வேடிக்கை பார்த்தால் அது சுற்றுலா. குழந்தை தானே ஒரு கேள்வி எழுப்பி, எண்ணி, எழுதி, அடுத்த வாரம் வந்து தான் எழுதியது சரியா என்று பார்த்தால்தான் அது நேரடிக் கற்றல். இதற்குத் தேன் பெட்டி கட்டாயமே இல்லை. பூவில் தொடங்கி, கண்ணாடிக் கூட்டைப் பார்த்து, கடைசியில் பெட்டிக்கு வருவதுதான் சரியான வரிசை. பல இடங்களில் இது தலைகீழாக நடக்கிறது.

## முதலில் சில அடிப்படைகள்

உலகில் சுமார் 20,000 தேனீ இனங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை தனித்து வாழ்பவை. ஒரு பெண் தேனீ, தனக்கென ஒரு துளை, அதில் சில முட்டைகள், அவ்வளவுதான். பெட்டியில் வளர்க்கப்படும் தேனீக்கள் இந்தப் பெரிய கூட்டத்தில் மிகச் சிறிய பிரிவு. "தேனீ" என்றதும் பெட்டி, தேன், ராணி என்று மட்டும் நினைக்கும் குழந்தை, தேனீ உலகத்தின் ஓர் ஓரத்தை மட்டுமே பார்த்திருக்கிறது.

பெட்டித் தேனீக்களைப் பற்றிப் பேசும்போது அடிக்கடி வரும் சொற்கள் இவை:

1. குடும்பம்: ஒரு பெட்டியில் வாழும் மொத்தத் தேனீக்கள். பூக்கள் நிறைந்த பருவத்தில் மேற்கத்தியத் தேனீ (பெட்டிகளில் பரவலாக வளர்க்கப்படும் இனம்) குடும்பம் ஒன்றில் 20,000 முதல் 60,000 வரை இருக்கும்.
2. ராணி: வழக்கமாக முட்டையிடும் ஒரே தேனீ. உச்ச பருவத்தில் ஒரே நாளில் 1,500 முட்டைகள்கூட இடும். ராணி உத்தரவு எதுவும் போடுவதில்லை என்பதைக் குழந்தைகளிடம் முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.
3. வேலைக்காரத் தேனீ: எல்லாமே பெண். வயது கூடக் கூட வேலை மாறும். அறையைச் சுத்தம் செய்வது, புழுவுக்கு ஊட்டுவது, மெழுகு சுரந்து அடை கட்டுவது, வாசலில் காவல், கடைசியாக வெளியே பறந்துபோய் உணவு சேகரிப்பது.
4. ஆண் தேனீ: பருத்த உடல், பெரிய கண்கள், கொடுக்கு கிடையாது. வேறு கூட்டு ராணியோடு இணைசேர்வதே அதன் வேலை.
5. அடை, சட்டம்: மெழுகால் கட்டிய அறுகோண அறைகளின் தொகுப்பு அடை. பெட்டிக்குள் அதைத் தாங்கும் மரச்சட்டகம் சட்டம். சட்டத்தோடு அடையை வெளியே எடுக்கலாம், திரும்பவும் வைக்கலாம்.

இந்த ஐந்தாவது விஷயம் சாதாரணமாகத் தோன்றலாம். ஆனால் குழந்தைகள் தேனீக்களை நேரில் படிப்பது சாத்தியமானதே இதனால்தான். கிட்டத்தட்ட ஆறிலிருந்து ஒன்பது மில்லிமீட்டர் வரையிலான இடைவெளியைத் தேனீக்கள் நடைபாதையாக விட்டுவைக்கும். அதைவிடக் குறுகலாக இருந்தால் பிசின் வைத்து அடைக்கும், அகலமாக இருந்தால் அடை கட்டிவிடும். லாரென்சோ லாங்ஸ்ட்ராத் என்ற அமெரிக்கர் 1851-இல் இந்த இடைவெளியின் பயனைப் புரிந்துகொண்டு, சட்டங்களைச் சுற்றி அதே அளவு இடம் விட்டுப் பெட்டி செய்தார். அடை பெட்டிச் சுவரோடு ஒட்டிக்கொள்ளாததால், எதையும் அறுக்காமல் ஒவ்வொரு சட்டமாக வெளியே எடுக்க முடிந்தது. ஓர் அளவுகோலையும் ஒரு பழைய பெட்டியையும் கொடுத்து இந்த இடைவெளியை அளந்துபார்க்கச் சொன்னால், எட்டு வயதுப் பிள்ளைகூடத் தானே கண்டுபிடித்துவிடும்.

## பெட்டி வைத்தால் தேனீக்கள் பிழைக்குமா?

2006-இல் அமெரிக்காவில் பெட்டிகளிலிருந்து வேலைக்காரத் தேனீக்கள் கூட்டம் கூட்டமாகக் காணாமல்போன செய்தி உலகம் முழுவதும் பரவியது. "தேனீ அழிந்தால் மனிதன் நான்கு ஆண்டுகளில் அழிவான்" என்று ஐன்ஸ்டைன் சொன்னதாக ஒரு வாசகமும் கூடவே பரவியது. அவர் அப்படிச் சொன்னதற்கு எந்த ஆதாரமும் இல்லை. பாடம் நடத்தும் இடத்தில் இந்த வாசகத்தைச் சுவரில் எழுதிவைக்க வேண்டாம்.

உண்மை நிலவரம் இதைவிடச் சிக்கலானது:

1. பெட்டிகளில் வளர்க்கப்படும் தேனீக் குடும்பங்களின் எண்ணிக்கை உலக அளவில் கடந்த அரை நூற்றாண்டில் கூடியிருக்கிறது. ஒட்டுண்ணி, நோய், பூச்சிக்கொல்லி, உணவுப் பற்றாக்குறை ஆகியவற்றால் ஆண்டுதோறும் பல குடும்பங்கள் அழிகின்றன என்பதும் உண்மைதான். வளர்ப்பவர்கள் குடும்பங்களைப் பிரித்துப் புதியவற்றை உருவாக்குவதால் மொத்தக் கணக்கு விழாமல் நிற்கிறது.
2. பெரிய கவலை காட்டுத் தேனீக்கள் பற்றியது. அவற்றைப் பிரித்து வளர்த்துப் பெருக்க ஆள் கிடையாது. கூடு கட்டும் இடமும் பூக்களும் போனால் அவையும் போய்விடும்.
3. உலகின் முக்கியமான உணவுப் பயிர் வகைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, மகரந்தம் சுமக்கும் உயிர்களால் ஓரளவேனும் பயன்பெறுகின்றன. எடைக் கணக்கில் பார்த்தால் அந்தப் பயிர்கள் மொத்த விளைச்சலில் மூன்றில் ஒரு பங்குதான். நெல், கோதுமை, மக்காச்சோளம் ஆகியவற்றுக்குத் தேனீ தேவையில்லை. பழம், காய், கொட்டை, எண்ணெய் வித்து போன்றவற்றில்தான் தேனீயின் பங்கு பெரியது.

ஆகவே, தேனீ இனங்களைக் காப்பாற்றத் தேன் பெட்டி வைப்பது, பறவை இனங்களைக் காப்பாற்றக் கோழி வளர்ப்பது போலத்தான். பூக்கள் குறைவாக உள்ள இடத்தில் புதிதாக வைக்கும் ஒரு பெட்டி, அங்கிருக்கும் காட்டுத் தேனீக்களின் உணவில் பங்கு கேட்கவும் செய்யும். பெட்டி வைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கற்பதற்காக வைக்கிறோம் என்று நேர்மையாகச் சொல்லிவிட்டு வைக்கலாம். தேனீக்களைக் காப்பாற்றத்தான் வேண்டும் என்றால் பூச்செடி நடுவதும், பூச்சிக்கொல்லியை நிறுத்துவதும், கொஞ்சம் வெறும் மண்ணையும் காய்ந்த தண்டுகளையும் அப்படியே விட்டுவைப்பதும்தான் வேலை. அதையும் குழந்தைகளே செய்யலாம்.

## முதல் படி: பூ

பூவில் இருக்கும் தேனீ தன் கூட்டைக் காக்கும் மனநிலையில் இருப்பதில்லை. கையால் பிடித்தாலோ மிதித்தாலோ ஒழியப் பெரும்பாலும் கொட்டாது. அதனால் ஐந்து வயதுக் குழந்தைக்குக்கூட இது பாதுகாப்பான வகுப்பறை.

இங்கே வேலை எண்ணுவது. ஒரு செடியைத் தேர்ந்தெடுத்து, ஐந்து நிமிடத்தில் அங்கே வந்த பூச்சிகள் எத்தனை, அவற்றில் தேனீ எத்தனை, ஈ எத்தனை, குளவி எத்தனை என்று எழுத வேண்டும். தேனீ போலவே கோடு போட்ட ஈக்களும் உண்டு. ஈக்கு இரண்டே இறக்கை, தேனீக்கு நான்கு. தேனீயின் உணர்கொம்பு நீளமாக வளைந்திருக்கும், ஈயினுடையது குட்டையாக இருக்கும். இந்த வித்தியாசம் பிடிபட்டதும் கோடு போட்ட எதைப் பார்த்தாலும் அலறும் பழக்கம் பல குழந்தைகளிடம் தானாகவே குறைந்துவிடும்.

அடுத்து, தேனீக்கு நிறம் தெரியுமா என்று சோதிக்கலாம். ஆஸ்திரிய விலங்கியலாளர் கார்ல் வான் ஃபிரிஷ் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்த சோதனையை இன்றும் ஒரு மேசையும் சில அட்டைகளும் வைத்துக்கொண்டு செய்யலாம். நீல அட்டை ஒன்று, பல அடர்த்திகளில் சாம்பல் நிற அட்டைகள். எல்லா அட்டைகளிலும் சிறு கிண்ணம் உண்டு, ஆனால் நீலத்தில் மட்டும் சர்க்கரைக் கரைசல். அட்டைகளின் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தேனீக்கள் பழகியதும் எல்லாவற்றிலும் வெறும் கிண்ணத்தை வைத்தால், அவை நீலத்தைத் தேடி வரும். சாம்பல் அட்டைகள் எதற்கு என்ற கேள்விதான் இந்தச் சோதனையின் உயிர். தேனீ பார்ப்பது நிறத்தையா, வெறும் வெளிச்ச அளவையா என்று பிரித்தறிவதற்காக அவை இருக்கின்றன. பத்து வயதுக் குழந்தை இதைப் புரிந்துகொண்டால், கட்டுப்பாட்டுச் சோதனை என்றால் என்ன என்று பாடப்புத்தகம் இல்லாமலே தெரிந்துகொண்டுவிட்டது. சிவப்பு அட்டையை வைத்தால் தேனீக்கள் அதைக் கரும்சாம்பலோடு குழப்பிக்கொள்ளும். சிவப்பு அவற்றின் கண்ணுக்கு எட்டாது, மனிதனுக்குத் தெரியாத புற ஊதா எட்டும்.

குழந்தைகளால் இவ்வளவுதான் முடியும் என்று யாரும் எல்லை போட வேண்டாம். இங்கிலாந்தின் பிளாக்காட்டன் தொடக்கப் பள்ளியைச் சேர்ந்த, 8 முதல் 10 வயதுக்குட்பட்ட 25 குழந்தைகள், பம்பிள் தேனீக்கள் (பருத்த, மயிரடர்ந்த ஒரு வகைத் தேனீ) நிறத்தையும் அது அமைந்திருக்கும் இடத்தையும் சேர்த்துவைத்து முடிவெடுக்கின்றனவா என்று சோதித்தார்கள். நரம்பியலாளர் போ லாட்டோ உடனிருந்து உதவினார். கேள்வியும் சோதனையும் குழந்தைகளுடையவை, படங்கள் வண்ணப் பென்சிலில் வரைந்தவை. அந்த ஆய்வுக் கட்டுரை 2010-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் 'பயாலஜி லெட்டர்ஸ்' இதழில் வெளியானது.

தனித்து வாழும் தேனீக்களுக்கு, உட்குழிவான தண்டுகளை ஒரு முனை அடைத்துக் கட்டி, வெயில் படும் சுவரில் மாட்டலாம். துளையின் அகலம் 3 முதல் 10 மில்லிமீட்டர் வரை பலவிதமாக இருந்தால் பல இனங்கள் வரும். தாய்த் தேனீ உள்முனையில் பெண் முட்டைகளையும் வாசல் பக்கம் ஆண் முட்டைகளையும் வைக்கும், ஆண்கள் முதலில் வெளியேறும். இந்தத் தண்டுகளை ஆண்டுக்கொரு முறை மாற்றாவிட்டால் பூஞ்சையும் உண்ணியும் சேர்ந்து, தேனீக்களுக்குப் பொறியாகிவிடும்.

## இரண்டாம் படி: கண்ணாடிக் கூடு

ஒன்றிரண்டு சட்டங்களை இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் வைத்து, வெளியே பறந்துபோக ஒரு குழாயைச் சுவர் வழியாகவோ சன்னல் வழியாகவோ விடுவார்கள். இதுதான் கண்ணாடிக் கூடு. பார்க்காத நேரத்தில் மூடிவைக்க வேண்டும். தேனீக்கள் இருட்டில் வேலை செய்பவை.

இதன் பின்னால் ஒரு நல்ல வரலாறு உண்டு. ஜெனீவாவைச் சேர்ந்த ஃபிரான்சுவா ஊபேர் பார்வை இழந்தவர். புத்தகப் பக்கம் போல விரித்துப் பார்க்கக்கூடிய ஒரு கூட்டை வடிவமைத்து, தன் உதவியாளர் ஃபிரான்சுவா பர்னெனிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டார். பர்னென் பார்த்தார், ஊபேர் யோசித்தார். ராணி கூட்டுக்கு வெளியே பறந்துபோய்தான் இணைசேர்கிறது என்பது உட்பட அவர்கள் கண்டறிந்தவை 1792-இல் வெளியாயின. இரண்டு குழந்தைகளை இதேபோல அமர்த்தலாம். ஒருவர் கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேள்வி கேட்க, மற்றவர் பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும், நினைத்ததைச் சொல்லக் கூடாது. பார்த்தது வேறு, ஊகித்தது வேறு என்று பிரிக்க இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

கண்ணாடிக் கூட்டின் பெரிய பரிசு நடனம். நல்ல உணவிடம் கண்டு திரும்பிய தேனீ, அடையின் மேல் வயிற்றை ஆட்டிக்கொண்டு நேர்க்கோட்டில் ஓடி, சுற்றிவந்து, மறுபடி அதே கோட்டில் ஓடும். அந்தக் கோடு செங்குத்து மேல்நோக்கி இருந்தால், உணவு சூரியன் இருக்கும் திசையில். செங்குத்திலிருந்து வலப்பக்கம் 40 பாகை சாய்ந்திருந்தால், சூரியனுக்கு வலப்புறம் 40 பாகை. ஆட்டம் நீடிக்கும் நேரம் தூரத்தைச் சொல்கிறது. தோராயமாக ஒரு விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். ஒரு கோணமானியும் நிறுத்துகடிகாரமும் வரைபடமும் இருந்தால், தேனீ சொல்லும் இடத்தைக் குழந்தைகள் புள்ளி வைத்துக் காட்டலாம், பிறகு நடந்துபோய் அங்கே என்ன பூத்திருக்கிறது என்று பார்க்கலாம். இந்த நடனத்தின் பொருளைக் கண்டறிந்ததும் ஃபிரிஷ்தான். விலங்கு நடத்தை ஆய்வுகளுக்காக 1973-இல் கொன்ராட் லோரென்ஸ், நிக்கோ டின்பெர்கன் ஆகியோருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

## மூன்றாம் படி: பெட்டியைத் திறப்பது

இங்கே அனுபவமுள்ள வளர்ப்பாளர் கட்டாயம் உடனிருக்க வேண்டும். மூன்று நான்கு குழந்தைகளுக்கு மேல் ஒரே நேரத்தில் பெட்டியருகே நிற்க வேண்டாம். சுற்றிலும் கூட்டம் இருந்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. வெயில் அடிக்கும், காற்று வீசாத நண்பகல் ஏற்ற நேரம். வயதான தேனீக்கள் பாதி வெளியே போயிருக்கும்.

பெட்டியைத் திறக்கும்போது வளர்ப்பாளர் புகை போடுவது ஏன்? காவல் தேனீக்கள் ஆபத்தில் ஒரு வாசனையை வெளியிட்டு மற்றவற்றை எச்சரிக்கும். புகை அந்த வாசனையை மறைக்கும், தேனீக்களைத் தேன் குடிக்கவும் வைக்கும். அந்த எச்சரிக்கை வாசனையில் இருக்கும் முக்கிய வேதிப்பொருள்தான் வாழைப்பழ மணத்துக்கும் காரணம். ஆகவே பெட்டியைத் திறக்கும் நாளில் வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டு வரக் கூடாது என்ற விதிக்குக் காரணம் வேதியியல்.

சட்டத்தைப் பெட்டிக்கு நேர் மேலேயே செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். படுக்கவைத்தால் புதிய மதுரம், அதாவது பூவிலிருந்து கொண்டுவந்த இனிப்பு நீர், சொட்டும். ராணி அந்தச் சட்டத்தில் இருந்து விழுந்தாலும் பெட்டிக்குள்ளேயே விழட்டும். பிறகு சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, வெளிச்சம் தோளுக்கு மேலாக வந்து அறைகளின் அடிவரை விழும்படி சட்டத்தைச் சாய்க்க வேண்டும். முதலில் ஒன்றும் தெரியாது. கண் பழகியதும், அறையின் அடியில் ஒரு வெண்ணிற நூல்துண்டு நிற்பது தெரியும், ஒன்றரை மில்லிமீட்டர் நீளம்தான். அதுதான் முட்டை. பொதுவாக முதல் நாள் நிமிர்ந்து நிற்கும், இரண்டாம் நாள் சாயும், மூன்றாம் நாள் படுத்துவிடும். நான்காம் நாள் அது முட்டையாக இருக்காது, பால் போன்ற உணவில் மிதக்கும் சிறு புழுவாகியிருக்கும்.

குழந்தைகள் எல்லோரும் ராணியைத்தான் தேடுவார்கள். ராணி கிடைக்காவிட்டால் ஏமாந்துபோவார்கள். இந்த இடத்தில்தான் நல்ல ஆசிரியர் அவர்களை முட்டை பக்கம் திருப்புவார். முட்டை மூன்று நாள்தான் முட்டையாக இருக்கும். ஆகவே அறைக்கு ஒரு முட்டை, சரியாக அடியில், இருப்பதைப் பார்த்தால், மூன்று நாளுக்குள் ராணி இங்கே இருந்திருக்கிறது. கண்ணால் பார்க்காத ஒன்றைச் சான்றை வைத்து நிறுவுவது இதுதான். விதிவிலக்கும் சொல்லித்தர வேண்டும். ஒரே அறையில் மூன்று நான்கு முட்டைகள், அவையும் அறையின் சுவரில் ஒட்டிக்கொண்டு இருந்தால், ராணி இல்லாமல் வேலைக்காரத் தேனீக்கள் முட்டையிடத் தொடங்கியிருக்கலாம். இணைசேராத அவற்றின் முட்டைகளிலிருந்து ஆண் தேனீக்கள்தான் வரும்.

நாள்கணக்கு இன்னும் தொலைவுக்குக் கூட்டிப்போகும். மேற்கத்தியத் தேனீயில் முட்டையிலிருந்து முழு வளர்ச்சி பெற ராணிக்கு 16 நாள், வேலைக்காரத் தேனீக்கு 21, ஆணுக்கு 24. மற்ற இனங்களில் இது சற்றே மாறும். வெளிவந்த வேலைக்காரத் தேனீ ஏறத்தாழ மூன்று வாரம் கூட்டுக்குள் உழைத்த பிறகுதான் வயலுக்குப் போகும். அப்படியென்றால் இன்று பூவில் பார்த்த தேனீ, ஆறு வாரத்துக்கு முன்னால் முட்டையாக இருந்தது. இன்று பட்டினியாலோ மருந்து தெளிப்பாலோ முட்டையிடுவது நின்றால், வயலில் ஆள் குறைவது ஆறு வாரம் கழித்துத்தான் தெரியும். நாட்காட்டியில் பின்னோக்கி எண்ணிப் பார்க்கச் சொன்னால், காரணமும் விளைவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை என்பதைக் குழந்தை தானே கண்டுகொள்ளும்.

கணக்குக்கு இன்னொரு நல்ல வேலை வரோவா உண்ணியை எண்ணுவது. தேனீயின் உடலில் ஒட்டி வாழும் இந்தச் செந்நிற உண்ணி, ஆசியத் தேனீயிலிருந்து மேற்கத்தியத் தேனீக்குத் தாவி, இன்று அதன் பெரும் எதிரியாக இருக்கிறது. வளர்ப்பாளர், ராணி அதில் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அரைக் கோப்பைத் தேனீக்களை ஒரு சல்லடை மூடி போட்ட ஜாடியில் எடுப்பார். அது சுமார் 300 தேனீ. மாவாக அரைத்த சர்க்கரையைத் தூவி உருட்டினால் உண்ணிகளின் பிடி நழுவும். கவிழ்த்துக் குலுக்கினால் அவை வெள்ளைத் தட்டில் விழும். தேனீக்கள் வெள்ளையாகத் திரும்பிப்போகும், சகோதரிகள் நக்கிச் சுத்தம் செய்துவிடும். 300-க்கு 9 உண்ணி என்றால் நூற்றுக்கு 3. அரைக் கோப்பையை வைத்து மொத்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லலாமா என்று யாராவது ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். மாதிரி எடுத்தல் பற்றிய பாடம் அங்கேயே தொடங்கிவிடும்.

## கொட்டினால்?

கொட்டவே கொட்டாது என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. கொட்ட வாய்ப்பு உண்டு, என்ன செய்வது என்று தெரியும், இதுதான் உண்மையான பதில்.

1. வேலைக்காரத் தேனீயின் கொடுக்கில் முட்கள் இருப்பதால் அது தோலில் மாட்டிக்கொள்ளும், நஞ்சுப் பையும் கூடவே வந்து தொடர்ந்து நஞ்சைச் செலுத்தும். பெரும்பகுதி அரை நிமிடத்துக்குள் இறங்கிவிடும். ஆகவே சுரண்டுவதா கிள்ளுவதா என்று யோசிக்காமல், எப்படி முடிகிறதோ அப்படி உடனே எடுக்க வேண்டும். வேகம்தான் முக்கியம்.
2. பிறகு அந்த இடத்தைவிட்டு விலகி, சோப்பு போட்டுக் கழுவி, குளிர்ந்த ஒத்தடம் கொடுக்கலாம். கொட்டிய இடம் வீங்குவதும் அரிப்பதும் வழக்கமானதே.
3. கொட்டாத இடங்களில் தடிப்பு, உதடு நாக்கு வீக்கம், மூச்சுத் திணறல், வாந்தி, தலைசுற்றல் ஆகியவற்றில் எது வந்தாலும் அது அவசரநிலை. தீவிர ஒவ்வாமைக்கான அட்ரினலின் ஊசி இருந்தால் உடனே போட்டு, ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டும். காத்திருந்து பார்க்கும் நேரமில்லை.
4. முதல் முறை கொட்டியபோது ஒன்றும் ஆகவில்லை என்பது அடுத்த முறைக்கு உத்தரவாதம் ஆகாது. தீவிர ஒவ்வாமை ஏற்கெனவே இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் மூன்றாம் படிக்குப் போக வேண்டாம். முதல் இரண்டு படிகளில் அந்தக் குழந்தைக்கு நிறைய வேலை இருக்கிறது.

உடை பெரியவர்களின் பழைய உடையாக இருக்கக் கூடாது. தொளதொளப்பான மணிக்கட்டிலும் கழுத்திலும்தான் தேனீ நுழையும். முகவலை மூக்கைத் தொடக் கூடாது. வெளிர் நிறம் நல்லது. பெட்டியின் வாசலுக்கு எதிரே ஆள் உயரத்துக்கு வேலியோ செடிவரிசையோ இருந்தால், தேனீக்கள் எழும்பித் தலைக்கு மேலே பறந்துபோகும். விளையாட்டு மைதானத்தைப் பார்த்தபடி வாசல் இருக்கக் கூடாது. பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி ஒன்று, தேனீ நிற்கக் கற்களோடு, இருந்தால் அவை குழந்தைகள் குடிக்கும் குழாயைத் தேடி வராது.

## தேன் எடுக்கும் நாள்

எல்லோரும் காத்திருப்பது இதற்குத்தான், ஆனால் கற்க இதில் இருப்பது மற்றவற்றைவிடக் குறைவு. மூடிய அறைகளின் மெழுகு மூடியைச் சீவி, சுழற்றும் பொறியில் வைத்துச் சுற்றினால் தேன் சுவரில் தெறித்து வழியும். ஒரு தேனீ வாழ்நாள் முழுதும் உழைத்துச் சேர்ப்பது ஒரு தேக்கரண்டியில் பன்னிரண்டில் ஒரு பங்கு என்று சொன்னால் குழந்தைகள் கரண்டியை நக்குவதை நிறுத்தி யோசிப்பார்கள். தேன் தேனீக்களின் சேமிப்பு. எவ்வளவு விட்டுவைக்க வேண்டும் என்று அவர்களே கணக்குப் போடட்டும். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும்போது ஒரு வரி கட்டாயம் எழுதி ஒட்ட வேண்டும்: ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு வகை பாக்டீரியா வித்துகள் அந்த வயதில் குடலில் முளைத்து, உயிருக்கே ஆபத்தான நஞ்சை உண்டாக்கும்.

## பெட்டியை யார் பார்த்துக்கொள்வது?

பல முயற்சிகள் இங்கேதான் முறிகின்றன. பெருகும் பருவத்தில் குடும்பம் புது ராணியை வளர்த்துவிட்டு, பழைய ராணியோடு பாதித் தேனீக்கள் வெளியேறும். ராணி அறைக்குப் புழுப் பருவத்தின் முடிவில், முட்டையிட்ட எட்டாம் நாள் வாக்கில், மூடி விழும். கூட்டம் வெளியேறுவதும் அநேகமாக அப்போதே. அதனால்தான் அந்தப் பருவத்தில் வாரம் ஒருமுறை பெட்டியைப் பார்க்கச் சொல்கிறார்கள். பள்ளி விடுமுறையும் இதே பருவமும் சேர்ந்து வந்தால், ஆள் இல்லாத வளாகத்தின் மரக்கிளையில் ஒரு நாள் இருபதாயிரம் தேனீக்கள் தொங்கும். கவனிப்பாரற்ற பெட்டி அக்கம்பக்கத்துப் பெட்டிகளுக்கு உண்ணியையும் நோயையும் பரப்பும்.

ஆகவே பெட்டி வாங்கும் முன், ஆண்டு முழுவதற்கும் பொறுப்பேற்கும் வளர்ப்பாளர் ஒருவர், அவர் இல்லாதபோது இன்னொருவர், விடுமுறை அட்டவணை ஆகியவற்றை எழுத்தில் முடிவு செய்ய வேண்டும். பெட்டியைப் பதிவு செய்யச் சட்டம் சொல்லும் இடங்களும் உண்டு. ஆள் கிடைக்காவிட்டால் வளர்ப்பாளரின் தோட்டத்துக்கே குழந்தைகளை அழைத்துப்போகலாம், பெட்டி அங்கேயே இருக்கட்டும்.

## கற்றார்களா என்று எப்படித் தெரியும்?

ராணி எத்தனை முட்டையிடும் என்ற கேள்விக்கு மனப்பாடம் போதும். அதற்குப் பதிலாக ஒரு சட்டத்தின் படத்தைக் கொடுக்கலாம். நடுவில் மூடிய புழு அறைகள் இருக்கின்றன, முட்டை இல்லை, திறந்த புழுவும் இல்லை. என்ன நடந்திருக்கும்?

வேலைக்காரத் தேனீயின் அறை முட்டையிட்ட ஒன்பதாம் நாள் வாக்கில் மூடப்படும். ஆகவே முட்டையிடுவது நின்று குறைந்தது ஒன்பது நாள் ஆகியிருக்க வேண்டும் என்று ஒரு குழந்தை எழுதும். ராணி செத்துவிட்டது என்று இன்னொன்று எழுதும், அதற்குச் சான்று போதாது. கூட்டம் பிரிந்துபோய், உள்ளே இருக்கும் புது ராணி இன்னும் முட்டையிடத் தொடங்காமலும் இருக்கலாம், அடுத்த வாரம் மறுபடி திறந்து பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும் என்று எழுதும் குழந்தைக்கு முழு மதிப்பெண் போடலாம். கையோடு அடுத்த வாரம் அந்தப் பெட்டியைத் திறக்கும் குழுவில் அதன் பெயரையும் எழுதிவிடலாம்.